குனிய வைத்தவர் யார்?

"நிமிர்ந்து இருங்கள், குனியாதீர்கள், பாரம் தூக்காதீர்கள்." நாரி நோவுடன் வைத்தியசாலை வாசலில் வரிசையிற் காத்திருந்து உட்செல்லும் எம்மக்கள், நாலைந்து குளிசைகளோடு பெற்றுவரும் அறிவுரை இதுவே.

நல்லறிவுரைதான். ஆனால், அதனைக் கேட்டு வீடு திரும்பும் கமக்காரர் மறுநாட் காலையில் என்ன செய்வார்? வெங்காயம் நிலத்தில் விளைவது, மேசைமேல் விளைவதன்று. களை பிடுங்கக் கூலிக்குப் போகும் பெண், "வைத்தியர் குனிய வேண்டாம் என்றார்" என்று தோட்டக்காரரிடம் சொன்னால், அடுத்த நாள் அவளுக்கு வேலை உண்டா? மூட்டை சுமக்கும் தொழிலாளி பாரம் தூக்க மறுத்தால், அவன் வீட்டில் உலை கொதிக்குமா? அறிவுரை கூறுவது எளிது. அதனைக் கைக்கொள்ளும் உரிமை யாரிடம் இருக்கிறது என்பதே நாம் எழுப்பும் கேள்வி.

நாரி நோவைப் பற்றி எம்மிடையே மூன்று தீர்ப்புகள் வழங்கப்பட்டு வருகின்றன. விதி என்பர் சிலர். வயது என்பர் வேறு சிலர். வேலைக் கள்ளம் என்பர், வேலை வாங்குவோர். இம்மூன்றையும் நாம் மறுக்கிறோம். உழைப்பாளியின் நாரி நோவிற் பெரும் பங்கு உழைப்பின் ஒழுங்கிலிருந்து பிறப்பது. கருவியின் பிடி எவ்வளவு நீளம், மேசை எவ்வளவு உயரம், மூட்டை எவ்வளவு நிறை, கூலி நேரத்துக்கா நிறைக்கா, வேலையிடையே நிமிர்ந்து நிற்க இடமுண்டா இல்லையா – இவையே நாரியின் தலைவிதியை எழுதுகின்றன. இவற்றுள் ஒன்றையேனும் நோவு படுபவர் தாமே தீர்மானித்ததுண்டா?

நோயின் பரப்பைக் கவனியுங்கள். உலகில் 2020 ஆம் ஆண்டில் 61.9 கோடி மக்கள் கீழ் முதுகு நோவுடன் வாழ்ந்தனர் என்றும், 2050 இல் அத்தொகை 84.3 கோடியாக உயரக்கூடும் என்றும் அனைத்துலக ஆய்வாளர் மதிப்பிட்டிருக்கின்றனர். மனிதரை இயலாமையில் ஆழ்த்தும் காரணங்களுள் முதலிடத்தில் நிற்பது இந்நோயே. இத்தனை கோடிப் பேரும் ஒழுங்காக உட்காரவும் நிற்கவும் தெரியாதவர்கள் என்றா நாம் கொள்வது?

துலாவின் கணக்கு

குனிவது நாரியை ஏன் வருத்துகிறது என்பதை விளக்க எமக்கு வேற்று நாட்டுப் பொறி எதுவும் வேண்டியதில்லை. துலாவைக் கண்டவர் எவருக்கும் அது விளங்கும். ஆடுகாலுக்கு ஒரு புறம் நெடுங்கை. மறு புறம் குறுங்கை. நெடுங்கையின் நுனியில் தொங்கும் சிறு பாரத்தைச் சமன்செய்யக் குறுங்கையின் பக்கம் அதைப் போற் பன்மடங்கு பாரம் வேண்டும். மனித முதுகும் குனியும்போது ஒரு துலாவே. நாரியிலுள்ள மூட்டு ஆடுகால். முன்னே நீளும் உடலும் கையும் கையிலுள்ள பாரமும் நெடுங்கை. முள்ளந்தண்டின் பின்னே ஏறக்குறைய 5 சென்ரிமீற்றர் தூரத்தில் நின்று இழுக்கும் தசையே குறுங்கை. முதுகிலிருந்து 50 சென்ரிமீற்றர் முன்னே 20 கிலோ பாரத்தை ஏந்தினால், அதனைத் தாங்கத் தசை 200 கிலோவுக்கு ஈடான விசையுடன் இழுக்க வேண்டும். இதனோடு உடல் நிறையில் ஏறக்குறையப் பாதியாகிய மேலுடம்பின் சுமையும் சேர்கின்றது. இவை அனைத்தும் சென்றழுத்துவது முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள மெல்லிய தட்டுகளையே.

பாரம் எதுவுமின்றிக் குனிந்து நிற்பவர் தப்பினாரா? அதுவுமில்லை. முற்றாகக் குனிந்த நிலையில் முதுகுத் தசைகள் ஓய்ந்துவிட, எலும்புகளைப் பிணைக்கும் நார்களின்மேற் சுமை விழுகின்றது. நெடுநேரம் இழுபட்ட நார்கள் மெல்ல நீளுகின்றன. நிமிர்ந்த உடனே அவை பழைய நிலைக்கு மீள்வதில்லை. பகல் முழுவதும் பாத்தியிற் குனிந்து நின்ற பெண் மாலையில் நிமிர முடியாமல் இடுப்பிற் கையூன்றி நிற்பது பாசாங்கன்று.

இனி மூட்டையைப் பார்ப்போம். அமெரிக்க அரசின் தொழிற் சுகாதார ஆய்வு நிறுவனம் 1991 இல் திருத்தி வகுத்த கணக்கின்படி, எல்லா வசதிகளும் பொருந்தியவிடத்தும், அதாவது பாரம் உடலுக்கு அருகில் இருந்து, இடுப்பளவு உயரத்தில், இடைக்கிடையே மட்டும் தூக்குவதாயின், ஒருவர் தூக்கத் தகுந்த உச்ச நிறை 23 கிலோ. எமது பசளை மூட்டையின் நிறை யாது? 50 கிலோ. சீமெந்து மூட்டையின் நிறை யாது? அதுவும் 50 கிலோ. அனைத்துலகத் தொழில் நிறுவனம் 1967 இல் வகுத்த பரிந்துரையும் ஆண் தொழிலாளி சுமக்கும் உச்ச நிறை 55 கிலோவைத் தாண்டலாகாது என்று எல்லை கட்டியதே தவிர, 50 கிலோவைத் தரையிலிருந்து தோளுக்கு நாளெல்லாம் ஏற்றுவது தீங்கற்றது என்று சான்று வழங்கவில்லை. மூட்டையின் நிறை இயற்கையின் கட்டளையா? சாக்கை நிரப்புகின்றவர் நிறுத்தும் இடத்தில் நிற்பது அது.

முந்நூறு ஆண்டுகளாக ஒரு கேள்வி

இத்தாலிய வைத்தியர் பேர்ணார்டினோ றமசீனி 1700 ஆம் ஆண்டில் தொழிலாளரின் நோய்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். நோயாளியிடம் பழைய வைத்தியர் கேட்கும் கேள்விகளோடு இன்னுமொன்றையும் கேட்க வேண்டும் என்று அவர் அதில் வற்புறுத்தினார்: "உமது தொழில் யாது?" உடலின் முறையற்ற நிலைகளும் மிகையான அசைவுகளும் உழைப்பாளரை நோயில் வீழ்த்துகின்றன என அன்றே அவர் எழுதினார். குனிந்திருந்து தைப்போரும், செருப்புத் தைப்போரும் அவர் கண்ணுக்குத் தப்பவில்லை.

அக்கேள்வியை இன்று எமது ஊர்களிற் கேட்டுப் பாருங்கள். வலிகாமத்தின் செம்மண்ணில் வெங்காயம் நடுபவரும் களை எடுப்பவரும் குனிந்த முதுகினர். மலையகத்துச் சரிவில் கொழுந்தெடுக்கும் பெண், தலையில் மாட்டிய கயிற்றில் முதுகுக் கூடையைச் சுமந்து நிற்கிறாள். கொழுந்தின் நிறை குறைந்தால் "அரைப் பேர்" விழும் என்பதால் அவள் இடையில் நின்று ஆறுவதற்கும் விலை உண்டு. வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் ஆடைத் தொழிற்சாலை இயந்திரத்தின் முன் இளம் பெண்கள் கழுத்தை வளைத்து ஒரே நிலையில் உறைந்திருக்கின்றனர். கடையில் நிற்கும் பெண்ணுக்கு இருக்கக் கதிரை இல்லை. கந்தோரில் இருக்கும் எழுதுவினைஞருக்கு எழுந்து நடக்க நேரம் இல்லை. பேருந்துச் சாரதியும் உழவு இயந்திரச் சாரதியும் குலுங்கிக் குலுங்கியே நாளைக் கழிக்கின்றனர்; முழு உடலையும் உலுக்கும் அதிர்வும் நாரிக்குப் பகையே. கமக்காரருக்கும் கந்தோர் உத்தியோகத்தருக்கும் இடையில் எத்தனையோ வேற்றுமை உண்டு. நாரி நோவு அவ்வேற்றுமைகளைக் கடந்து வருகின்றது.

ஓரடிப் பிடியின் வரலாறு

"வேலை என்றால் குனியத்தானே வேண்டும்? அதற்குச் சட்டம் என்ன செய்யும்?" என்று கேட்போருக்கு நாம் கலிபோர்னியாவின் கதையைச் சொல்ல விரும்புகிறோம்.

அங்கே சலீனாஸ் பள்ளத்தாக்கிலும் பிறவிடங்களிலும் சலாதுக் கீரையையும் பீற்கிழங்கையும் பயிரிட்ட பெருந்தோட்டக்காரர், கன்றுகளை ஐதாக்கவும் களை கொத்தவும் ஏறக்குறைய ஓரடி நீளப் பிடியுடைய கொத்துக் கருவியையே தொழிலாளர் கையிற் கொடுத்தனர். பெரும்பாலும் மெக்சிக்கோ வழிவந்த அத்தொழிலாளர் அதனைத் தம் மொழியில் "குட்டையன்" என்னும் பொருள்பட அழைத்தனர். அதைப் பிடித்தவன் இடுப்பை இரண்டாக மடித்தே நாள் முழுவதும் நகர வேண்டும். நீண்ட பிடி போட்டால் பயிர் பாழாகும், விளைச்சல் குறையும் என்றனர் தோட்டக்காரர். தொழிலாளர் அறிந்த இன்னொரு காரணமும் இருந்தது. குட்டைப் பிடியுடன் நிமிர்ந்து நிற்பவன் வேலை செய்யாதவன் என்பது தூரத்தில் நிற்கும் மேற்பார்வையாளனுக்கு ஒரே பார்வையிற் புலப்படும். முதுகின் வளைவே வேலையின் சான்றாயிற்று! தொழிற்சங்கத் தலைவர் சீசர் சாவேசும் அக்கருவியுடன் உழைத்து முதுகு நோவை அறிந்தவரே.

ஏழைகளுக்காக வாதாடிய சட்டத்தரணிகள் சிலர், அக்கருவியைத் தடைசெய்யுமாறு மாநிலத்தின் தொழிற் பாதுகாப்புப் பகுதியை வேண்டினர். வைத்தியர்கள் அதன் தீங்கை எடுத்துரைத்தனர். 1973 இல் அப்பகுதி கோரிக்கையை நிராகரித்தது. பாதுகாப்பற்ற கருவி என்று விதி கூறுவது பழுதுற்ற கருவியைத்தானாம். நன்னிலையிலுள்ள கருவி, அதற்கென்று வகுத்த முறையிலேயே பயன்பட்டு ஒருவரின் முதுகை முறித்தால் அது விதிக்குள் வராதாம்! மாநில உயர் நீதிமன்றம் 1975 ஜனவரியில் இக்குறுகிய விளக்கத்தைத் தள்ளியது. அவ்வாண்டிலேயே குட்டைப் பிடி தடைசெய்யப்பட்டது. பயிர் பாழானதா? கலிபோர்னியாவின் சலாதுக் கீரை அதன் பின்னரும் உலகெங்கும் விற்பனையாகி வருகின்றது. தோட்டக்காரர் அழிந்து போகவில்லை. தொழிலாளர் நிமிர்ந்தனர்.

இக்கதையில் எமக்குள்ள பாடம் யாது? நாளொன்றுக்குப் பத்து மணி நேரம் குனிவது இயற்கையின் கட்டளை என்று எண்ணப்பட்டது. அது ஒரு மரப்பிடியின் நீளத்தில் அடங்கிய கட்டளை என்பது பின்னரே தெரிந்தது.

விபத்தை அறியும் சட்டம், தேய்வை அறியுமா?

எமது நாட்டின் சட்டத்தை நோக்குவோம். 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம், வேலையின்போது நேர்ந்த விபத்துக்கும், அட்டவணையிற் பெயர் குறித்த தொழில் நோய்களுக்கும் நட்டஈடு வழங்க எழுந்தது. வெட்டுண்ட விரலை அது அறியும். விழுந்த கல்லை அறியும். விபத்துக்கு நாளுண்டு, மணியுண்டு, கண்ட சாட்சியுண்டு. முப்பது ஆண்டு குனிந்து தேய்ந்த நாரிக்கு எந்த நாளைக் குறிப்பது? எந்த மணியைச் சொல்வது? சாட்சிக்கு யாரை அழைப்பது? சொந்தத் தறையிற் பாடுபடும் கமக்காரருக்கும், இன்று ஒரு தோட்டம் நாளை ஒரு தோட்டம் என்று அலையும் நாட்கூலிப் பெண்ணுக்கும் வழக்குத் தொடர ஒரு முதலாளிதானும் கிடையாது.

இது தீர்க்க முடியாத சிக்கலா? ஜேர்மனி 1993 இல் இதற்கு ஒரு வழி கண்டது. நெடுங்காலம் பாரம் தூக்கியமையாலோ சுமந்தமையாலோ, நெடுங்காலம் மிகையாகக் குனிந்து வேலை செய்தமையாலோ நாரியின் முள்ளெலும்புத் தட்டுகளில் உண்டாகும் நோயைத் தொழில் நோய்ப் பட்டியலில் அது சேர்த்தது. நிபந்தனைகள் கடுமையானவை; கோரியவர் எல்லோரும் பெற்றுவிடுவதில்லை. எனினும், குனிவு ஒரு காரணம் என்று சட்டம் வாய் திறந்து சொன்னது. அனைத்துலகத் தொழில் நிறுவனம் 2010 இல் திருத்தி வெளியிட்ட தொழில் நோய்ப் பட்டியலில் மணிக்கட்டுக்கும் முழங்கைக்கும் முழங்காலுக்கும் தனித்தனிப் பெயர் உண்டு. நாரிக்கோ "ஏனையவை" என்ற பொதுவரியில் ஒதுங்கி நிற்கும் இடமே வாய்த்திருக்கிறது. நாரிக்காகப் பேசுவோர் உலகெங்குமே குறைவு போலும்.

மறுப்போருக்கு மறுமொழி

"எம் முன்னோர் குனிந்துதானே உழைத்தார்கள்? அவர்கள் முறையிட்டார்களா?" என்பர் சிலர். முறையிடாமலா நாரிப் பிடிப்புக்கு இத்தனை எண்ணெயும் ஒத்தடமும் பற்றும் எமது வைத்தியத்தில் நிறைந்திருக்கின்றன? முறையிட்டதைக் கேட்டு எழுதி வைப்பார் இல்லை என்பதே உண்மை.

"உடல்நிலையைக் குற்றஞ் சாட்டுவதற்கு விஞ்ஞானச் சான்று போதாது" என்று கற்றவர் சிலர் கூறுவர். இதற்கு நாம் நேராக மறுமொழி சொல்லக் கடமைப்பட்டுள்ளோம். கதிரையில் இருப்பது மட்டுமே நாரி நோவைத் தோற்றுவிக்கின்றது என்பதற்கு வலுவான சான்று கிடைக்கவில்லை என்பது மெய். எல்லோருக்கும் பொருந்தும் "சரியான நிலை" ஒன்று உண்டென்பதும் நிறுவப்படவில்லை. நோவின்றி நடமாடும் பலரது படங்களிலும் தட்டுத் தேய்வு தெரிகின்றது. நோவுடன் வருந்தும் பெரும்பாலோரிடம் இன்ன எலும்பு, இன்ன நரம்பு என்று சுட்டத்தக்க காரணம் அகப்படுவதில்லை. மனச் சோர்வும் ஓய்வின்மையும் வேலையில் சுயாதீனமின்மையும் நோவை நீட்டிக்கின்றன. இவை யாவும் உண்மையே.

ஆயின், இவ்வுண்மைகள் யாருக்குச் சார்பாகப் பேசுகின்றன? "நிமிர்ந்து இரு" என்று தொழிலாளியைக் கடிந்துகொள்பவருக்கா? அவருடைய அறிவுரைக்கே இவை அடித்தளம் இல்லாமற் செய்கின்றன. பெரும் பாரம் தூக்குவோரிடத்தும், அடிக்கடி குனிந்து திரும்பி உழைப்போரிடத்தும் நாரி நோவு மிகுதி என்பதைப் பல ஆய்வுகள் கண்டுள்ளன. ஒரே நிலையில் உறைவது தீங்கு, நிலையை மாற்றி மாற்றி இயங்குவது நலம் என்பதே இன்றைய வைத்தியரின் பொதுக் கருத்து. அவ்வாறாயின், நிலையை மாற்றும் சுதந்திரம் யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை என்ற இடத்திற்கே நாம் திரும்பவும் வந்து சேர்கிறோம். தன் விருப்பப்படி எழுந்து நடக்கக்கூடிய அதிகாரிக்கும், மலசலகூடத்துக்குப் போகவும் அனுமதி கேட்க வேண்டிய இயந்திரத் தொழிலாளிக்கும் கதிரை ஒன்றாயிருக்கலாம், நாரி ஒன்றாயிராது.

"செலவு தாங்காது" என்பது கடைசி வாதம். யாழ்ப்பாணத்துக் கமக்காரருக்கு இதற்கு மறுமொழி தெரியும். துலா மிதித்தும் பட்டை பிடித்தும் நீரிறைத்த முதுகுகளை விடுவித்தது எவருடைய அறிவுரையுமன்று, நீரிறைக்கும் இயந்திரமே. அது வந்தபோது கமம் அழியவில்லை, பெருகியது. நீருக்குச் செய்தது நாற்றுக்கும் களைக்கும் மூட்டைக்கும் ஏன் ஆகாது?

நாம் கேட்பவை

முதலாவதாக, பசளையும் சீமெந்தும் 25 கிலோ மூட்டைகளில் வரவேண்டும். சட்டம் வரும்வரை காத்திராமல், எமது கூட்டுறவுச் சங்கங்கள் இன்றே இதனைக் கேட்டுப் பெறலாம்.

இரண்டாவதாக, நெடுங்காலக் குனிவாலும் பாரத்தாலும் விளையும் நாரி நோய் தொழில் நோயாக எமது சட்டத்தில் இடம்பெற வேண்டும். நாட்கூலியாளரும் சிறு கமக்காரரும் அப்பாதுகாப்புக்கு வெளியே தள்ளப்படலாகாது.

மூன்றாவதாக, நின்று வேலை செய்வோருக்கு இருக்கையும், இருந்து வேலை செய்வோருக்கு எழுந்து நடக்கும் இடைவேளையும் உரிமையாக்கப்படல் வேண்டும். கடைத் தொழிலாளருக்கு இருக்கை வழங்குவதைக் கேரளம் 2018 இலும் தமிழ்நாடு 2021 இலும் சட்டமாக்கின. பாக்கு நீரிணைக்கு அப்பால் ஆகக்கூடியது இப்பால் ஆகாதா?

நான்காவதாக, கிராமத்து வைத்தியசாலை வரை இயன்மருத்துவர் சேவை செல்ல வேண்டும். "படுத்தே இரு" என்ற பழைய மருந்து பயனற்றது என்பது தெளிவாகிவிட்டது. இயன்றவரை இயங்கவும், படிப்படியாக வேலைக்குத் திரும்பவும் நோயாளிக்குத் துணை வேண்டும். திரும்பியவருக்குச் சிறிது காலம் இலகுவான வேலை கிடைக்கவும் வேண்டும். ஆனால், காலில் உணர்வு மறைதல், கால் வலுவிழத்தல், சிறுநீர் தடைப்படுதல் போன்ற குறிகள் கண்டால் ஒரு கணமும் தாமதியாது வைத்தியசாலைக்கு விரைய வேண்டும் என்பதையும் ஊரறியச் செய்தல் வேண்டும்.

ஐந்தாவது கோரிக்கை அரசாங்கத்திடமன்று, எம்மிடமே. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடமும் பொறியியற் பீடமும் அருகருகே நிற்கின்றன. வெங்காயம் நடுவதற்கும் களை கொத்துவதற்கும் நிமிர்ந்து நின்று செலுத்தும் எளிய கருவியை, வலிகாமத்துச் சிறு தறைக்கும் சிறு பணப்பைக்கும் ஏற்ப, கமக்காரரையும் கூலிப் பெண்களையும் உடனிருத்தி ஆக்கித் தருவது அங்குள்ளோர்க்கு இயலாத காரியமா? தோட்டம் வைத்திருக்கும் உத்தியோகத்தர் எம்மிடையே பலர். களை பிடுங்க வரும் பெண்ணுக்கு மணிக்கொரு முறை நிமிர்ந்து நடக்க இடங்கொடுப்பதற்கு அவர்களுக்கு எந்தச் சட்டம் வேண்டும்? பிற இடத்தில் நீதி கேட்போர் தம் வேலிக்குள் அதனை மறுப்பது அழகன்று.

எம்மிடையே வைத்தியரும் பொறியியலாளரும் ஆசிரியரும் சட்டத்தரணிகளும் தோன்றியது எவ்வாறு? புகையிலையும் வெங்காயமும் மிளகாயும் விற்ற காசில் கல்லூரிக் கட்டணம் கட்டியவர்கள் யார்? பிள்ளைகள் நிமிர்ந்து நடக்க வேண்டும் என்பதற்காகவே பெற்றோர் குனிந்தனர். அக்கடனைத் தீர்க்கும் வழி எண்ணெய்ப் போத்தல் அனுப்புவதன்று. சட்டம் கற்றவர் சட்டத் திருத்தத்தை எழுதட்டும். பொறியியல் கற்றவர் பிடியை நீட்டட்டும். வைத்தியர், தம்முன் வரும் ஒவ்வொரு நாரி நோயாளியிடமும் றமசீனியின் கேள்வியைக் கேட்டு, விடையைப் பதிவேட்டில் எழுதட்டும். எழுதப்படாத நோய் இல்லாத நோயாகவே கணிக்கப்படும்.

வாக்குக் கேட்டு வாசலுக்கு வருவோரிடம் கமக்காரர்களும் தொழிலாளர்களும் இனி வீதியையும் மின்விளக்கையும் மட்டும் கேளாதிருக்கட்டும். "மூட்டையின் நிறையைக் குறைப்பீரா? எம் நாரியைச் சட்டத்தில் எழுதுவீரா?" என்று கேளுங்கள். மறுமொழி கிடைக்கும்வரை கேட்டுக்கொண்டே இருங்கள்.